சீனிவாசன் போகாத இடம்

சீனிவாசன் போகாத ஓர் இடத்துக்கு நான் போயே தீருவது என்று ஒரு புதன்கிழமை காலை ஏழேகால் மணிக்குத் தீர்மானம் செய்தேன்.

சீனிவாசன் என் பக்கத்து வீட்டுக்காரர். ஏனாத்தூரில் கெமிஸ்ட்ரி புரொபசராக இருந்து ரிடையர் ஆனவர். சிங்கப்பூருக்கு இரண்டு தடவை, துபாய்க்கு ஒரு தடவை போய் வந்திருக்கிறார். போனதோடு விட்டிருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. தினமும் காலையில் கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டு யாருக்காவது போன் போட்டு, "ஏர்போர்ட்டா அது? காலை வெச்சா வழுக்கும், அவ்வளவு பளபளப்பு!" என்று என் காதில் விழுகிற மாதிரி கத்துவார். நான் தாலுகா ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் சர்வேயராக இருந்தவன். கூரம் முதல் செவிலிமேடு வரை எனக்குத் தெரியாத வரப்பு கிடையாது. ஆனால் அதை போனில் கத்தினால் யாருக்குப் பொறாமை வரும்?

நானும் சீனிவாசனும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. காரணத்தை மறைக்க விரும்பவில்லை. காரணம் இட்லி.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்னச் சந்நிதி உண்டு. சனிக்கிழமை காலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று பாசுரம் சேவிப்போம். முடிந்ததும் தீர்த்தம். அப்புறம் கோவில் இட்லி. ஓட்டலில் டம்ளரில் ஊற்றி எடுக்கிற சமாசாரம் இல்லை. முழங்கை நீள மூங்கில் கூடையில் மந்தாரை இலை பரப்பி, மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் போட்ட மாவை ஊற்றி, மூன்று மணி நேரம் வேக வைத்து, துண்டு போட்டுக் கொடுப்பார்கள். வரிசையில் முதலில் நிற்பவருக்கு முதல் துண்டு. அந்த இடம் என் அப்பா நின்ற இடம். அவருக்குப் பிறகு சக்ரவர்த்தியாகிய நான் நின்ற இடம்.

ஒரு சனிக்கிழமை பஞ்சகச்சம் கட்டுவதில் எனக்கு இரண்டு நிமிஷம் தாமதமாகிவிட்டது. போய்ப் பார்த்தால் அங்கே சீனிவாசன் நிற்கிறார். அர்ச்சகர் முதல் துண்டை அவர் கையில் வைத்தார். மனுஷன் "இது சக்ரவர்த்தியோட பாகம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

அந்தத் திங்கட்கிழமையே எங்கள் இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் இருந்த சின்னக் கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தேன். என் பக்கம் நான் பூசினேன். அவர் பக்கம் அவர் பூசினார். பதினோரு வருஷத்தில் நாங்கள் ஒத்துழைத்துச் செய்த வேலை அது ஒன்றுதான்.

இதில் என் மனைவி தாராவுக்குத்தான் கோபம். சீனிவாசனின் மனைவி சுகாசினியும் இவளும் உயிர்த் தோழிகள். இரண்டு பேர் சமையலறையும் கொல்லைப் பக்கம். எங்கள் தெரு வீடுகள் நீளமானவை. கொல்லையிலிருந்து வாசல் நூற்று நாற்பத்து மூன்று அடி. நானே டேப் பிடித்து அளந்தது. கதவு இருந்தவரை நாலே எட்டில் போனவள், இப்போது ஒரு கிண்ணம் உறைமோருக்காக முந்நூறு அடி நடக்கிறாள்.

"மோர் இங்கேருந்து கிளம்பறச்சே நன்னா இருக்கு. அங்கே போய்ச் சேரறச்சே புளிச்சுடறது," என்பாள். "எனக்கு முழங்கால் வலி வேற. அந்தக் கதவைத் திறக்கக் கூடாதா?"

"அவர் வந்து கேக்கட்டும்."

"அவாத்துல அவரும் இதையேதான் சொல்றாராம்."

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் கொத்தனார் அப்பாதுரை உளியும் கையுமாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்ததைக் கண்டுபிடித்து விரட்டினேன். பூச்சு விழுகிறதா என்று பார்க்கச் சொன்னாளாம் தாரா. போன வருஷம் அதே அப்பாதுரையை அந்தப் பக்கத்திலிருந்து சீனிவாசன் விரட்டினார். அதற்கப்புறம் நாங்கள் இருவருமே உஷாராகிவிட்டோம். அவர் சிங்கப்பூர் போனால் நான் கொல்லையை விட்டு நகர மாட்டேன். நான் திருப்பதி போனால் அவர் சுவரோரமே ஈஸி சேர் போட்டுப் படுத்துவிடுவார். பதினோரு வருஷத்தில் அந்தச் சுவர் ஒரு நாள்கூடத் தனியாக இருந்ததில்லை.

சரி, அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். பேப்பரைப் பிரித்தேன். உள்ளேயிருந்து ஒரு நோட்டீஸ் விழுந்தது. இந்த மாதிரி நோட்டீஸ்களை நான் படிப்பவன் இல்லை. நாற்காலிக் கால் ஆடினால் மடித்து முட்டுக் கொடுப்பேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் ஏதாவது அளவு எழுதி வைப்பேன். அன்றைக்கு என்னவோ படித்தேன். 'பாரிஜாதா க்ரூஸ் லைன்ஸ். சென்னையில் ஏறுங்கள். மூன்று இரவுகள் நடுக்கடலில்.' ஊதுபத்தி கம்பெனி மாதிரிப் பெயர். ஆனால் படத்தில் இருந்த கப்பலுக்குப் பதினோரு மாடி. சீனிவாசன் ஆகாயத்தில் போயிருக்கிறாரே தவிரக் கடலில் போனதில்லை. எனக்குள் பொறி தட்டியது.

"தாரா! இங்கே வா!"

"தளிகை பண்ணிண்டிருக்கேன். என்னன்னு சொல்லுங்கோ."

"நாம கப்பல்ல போறோம்!"

"எந்த ஊருக்கு?"

"எந்த ஊருக்கும் இல்லை. சென்னையில ஏறி, கடல்ல சுத்திட்டு, சென்னையிலேயே இறங்கணும்."

"ஏறின இடத்துலயே இறங்கறதுக்குக் கப்பல் எதுக்கு?"

"அதுக்குப் பேர்தான் க்ரூஸ். உனக்குப் புரியாது."

"கம்பெனி பேரே கேள்விப்பட்டதில்லையே."

"புதுக் கம்பெனி. புதுசுன்னா பெயின்ட் வாசனைகூடப் போயிருக்காது. சொன்னதைக் கேளு."

தாரா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நோட்டீஸை வாங்கி, முதல் தடவை பார்ப்பவள் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு இஷ்டமே இல்லை," என்றாள் பெருமூச்சோடு. "நீங்க இவ்வளவு ஆசைப்படறேளேன்னு வரேன்."

என் பேச்சுக்கு அவள் கட்டுப்பட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. சமையலறைக்குத் திரும்பிப் போனவள் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். நான் அதைக் கவனித்தேன். ஆனால் காரணம் தேடவில்லை. விண்ணப்பத்தையும் அவளே நிரப்பினாள். சாப்பாடு என்கிற கட்டத்தில் 'வெங்காயம், பூண்டு, முள்ளங்கி மூன்றும் கிடையாது' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

மறுநாள் காலை நான் கொல்லையில் நின்று என் மைத்துனனுக்கு போன் போட்டேன்.

"கப்பல்! ஆமாம்பா, கப்பல்! பதினோரு மாடி! பிளேன் எல்லாம் இப்போ யார்யா போறா? அது பஸ் மாதிரி ஆயிடுத்து!"

சுவருக்கு அந்தப் பக்கம் நிசப்தம். மனுஷன் கருகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். சுவரைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை. நான் ஊரில் இல்லாவிட்டால் என்ன, சீனிவாசன் இருக்கிறாரே. அந்த விஷயத்தில் அவரை விட நம்பகமான எதிரி யாருக்கும் கிடைக்க மாட்டார்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பெட்டியை இறக்கினவன் கட்டாமல் வைத்துவிட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குத் தண்ணீர் என்றால் பயம். எங்கள் பாலாற்றில் மணல்தான் ஓடும்; எப்போதாவது வெள்ளம் வந்தால் ஊரே திரண்டு வேடிக்கை பார்க்கப் போகும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் நீச்சலுக்கு எங்கே போவது?

"தாரா, எனக்கு ஒரு சந்தேகம். சமுத்திரம் தாண்டக் கூடாதுன்னு சாஸ்திரத்துல..."

"நாம எங்கே தாண்டறோம்? பாதி போயிட்டுத் திரும்பிடறோம். தாண்டினாத்தானே தோஷம்?"

"அதுக்கில்லை. சுத்திலும் தண்ணி..."

"ஏன்னா, பெருமாளே நாப்பது வருஷம் குளத்துக்கு அடியில இருக்கார். உங்களால மூணு நாள் தண்ணிக்கு மேல இருக்க முடியாதா?"

அத்தி வரதரையே சாட்சிக்கு இழுத்துவிட்டால் காஞ்சிபுரத்துக்காரன் என்ன பேசுவான்? பெட்டியைக் கட்டினேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை சாயங்காலம், பக்கத்து வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சீனிவாசனும் சுகாசினியும் ஏறிப் போனார்கள்.

"எங்கே போறா?" என்று தாராவைக் கேட்டேன்.

"சுகாசினிக்குப் பல் வலி. சென்னையில டாக்டர். காலம்பற வந்துடுவா."

"நாம போறச்சே அவர் இங்கே இருக்கணுமே."

"இருப்பார், இருப்பார். நாம இருக்கற இடத்துலதானே அவரும் இருப்பார்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் கப்பல் ஏறினோம். அறைக்குள் நுழைந்ததும் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தேன். பதினாலுக்கு ஒன்பது. பரவாயில்லை. அப்போது ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். ஆபத்து வந்தால் எந்தப் படகில் ஏறித் தப்பிப்பது என்று எல்லோருக்கும் ஒத்திகை. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு நானும் தாராவும் ஆறாம் நம்பர் படகடியில் போய் நின்றோம். எனக்கு முன்னால் இன்னொரு ஆரஞ்சுச் சட்டை. அதற்கு மேலே ஒரு வழுக்கை. அந்த வழுக்கையைப் பதினோரு வருஷமாகச் சுவருக்கு மேலே பார்த்து வந்திருக்கிறேன்.

சீனிவாசன் திரும்பினார். என் நெற்றியில் இருந்த திருமண் வேர்வையில் கரைவதை உணர்ந்தேன்.

"ஐயோ, சுகாசினி! நீயா?" என்று கூவினாள் தாரா.

"ஐயோ, தாரா! நீ எங்கே இங்கே?" என்று கூவினாள் சுகாசினி.

கட்டிக்கொண்டார்கள். இருவர் தோளிலும் ஒரே மாதிரி நீலப் பை. இருவர் தலையிலும் ஒரே மாதிரி ஓலைத் தொப்பி. காஞ்சிபுரத்தில் எல்லாக் கடையிலும் ஒரே சரக்குதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் மூளை அந்த அழகில் வேலை செய்தது.

எனக்கு முதலில் பதறியது சுவரை நினைத்துத்தான். அப்புறம் யோசித்தேன். அவரும் இங்கே, நானும் இங்கே, பெண்கள் இரண்டு பேரும் இங்கே. சுவரை அங்கே யார் என்ன செய்துவிட முடியும்? மனசு சமாதானமானது.

"ஆபத்துன்னா நீங்க நாலு பேரும் இந்தப் படகுல ஏறணும்," என்றார் கப்பல் அதிகாரி.

"யார் முதல்ல?" என்று நானும் சீனிவாசனும் ஒரே குரலில் கேட்டோம்.

"லேடீஸ்," என்றார் அவர்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதினேழாம் நம்பர் மேஜை என்று சீட்டுக் கொடுத்திருந்தார்கள். போனால் அங்கே சீனிவாசன் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். நான் உணவுக்கூட மேனேஜரைக் கூப்பிட்டேன். கோட்டுப் போட்ட பெண். ஷாரோன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது.

"வேற மேஜை குடும்மா."

"சார், இந்தக் கப்பல்ல ஆயிரத்து இருநூறு பேர் இருக்காங்க. வெங்காயம், பூண்டு, முள்ளங்கி மூணும் வேணாம்னு எழுதிக் குடுத்தது நாலே நாலு பேர். அந்த நாலு பேருக்கும் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், ஒரே டேபிள். வேற டேபிளுக்குப் போனா வெங்காயம் வரும். என்ன சார் செய்யட்டும்?"

வெங்காயமா, சீனிவாசனா என்று நான் நின்றபடி யோசித்தேன். அவரும் அதையே யோசித்திருக்க வேண்டும். கடைசியில் இருவரும் ஆசாரத்தைக் காப்பாற்ற முடிவு செய்து உட்கார்ந்தோம்.

"தாரா, உப்பு வேணும்னு சொல்லு."

உப்பு சீனிவாசன் கைப்பக்கம் இருந்தது.

"சுகாசினி, இவருக்கு உப்பு வேணுமாம்."

"ஏன்னா, அவருக்கு உப்பு வேணுமாம்."

"அவருக்கு பி.பி. இருக்கேன்னு சொல்லு."

"தாரா, உங்காத்துக்காரருக்கு பி.பி. இருக்காமே."

"என் பி.பி. அவருக்கு எப்படித் தெரியும்னு கேளு!"

"நான்தான் சொன்னேன்," என்றாள் தாரா, மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே.

"கப்பல் ஐடியாவைக் காப்பியடிச்சுண்டு வந்திருக்காரேன்னு கேளு," என்றேன்.

"காப்பியடிச்சது யாருன்னு அவரையே கேக்கச் சொல்லு!"

பெண்கள் இருவரும் அதற்குமேல் தபால் கொண்டுபோக மறுத்துவிட்டார்கள். பாயசம் ஆறிவிடும் என்றார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. காலைச் சாப்பாட்டுப் பட்டியலை இரண்டு தடவை படித்தேன். 'காஞ்சிபுரம் இட்லி' என்று போட்டிருந்தது. வந்தது. வட்டமாக, வெள்ளையாக, மேலே ஒரு காரட் பூ, நடுவில் ஒரு முந்திரி. ஒரு விள்ளல் வாயில் போட்டேன். எதிரே சீனிவாசனும் போட்டார். இருவர் கையும் ஒரே நேரத்தில் நின்றது.

"சுக்கு எங்கே?" என்றேன் நான்.

"மிளகு எங்கேங்கறேன்!" என்றார் அவர்.

"காரட்டுக்கு இங்கே என்ன வேலை?"

"இதுக்கு நம்ம ஊர் பேரை வெக்க எவனுக்கு ஓய் தைரியம் வந்தது?"

"வாரும், கேப்போம்!"

எழுந்து பாதி தூரம் போன பிறகுதான் நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்று எனக்கு உறைத்தது. அவருக்கும் உறைத்தது. நின்றோம். திரும்பிப் போனால் அந்த இட்லியை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் மேலே நடந்தோம்.

தலைமைச் சமையற்காரர் ஜோசுவா, ஐம்பது வயசுக்கு மேலான, பெரிய தொந்தியும் பெரிய பொறுமையும் உள்ள மனிதர்.

"சார், நாப்பது வருஷமா சமைக்கேன். யாரும் குறை சொன்னதில்ல."

"யாரும் காஞ்சிபுரத்துலேர்ந்து வந்திருக்க மாட்டா," என்றார் சீனிவாசன். "பச்சரிசி இருக்கா? உளுந்து? நெய்? சுக்கு?"

"எல்லாம் இருக்கு சார்."

"மாவு கொரகொரன்னு அரைக்கணும். ராத்திரி பூரா புளிக்கணும். உஷ்ணம் முப்பது டிகிரி. நான் சொல்றேன்."

"கூடை ஒரு முழங்கை நீளம் வேணும்," என்று நான் டேப்பை நீட்டினேன். "இது என்ன கூடை?"

"ரொட்டி வைக்கிற கூடை சார்."

"பதினேழு அங்குலம். போதும். இனிமே இது இட்லிக் கூடை. மந்தாரை இலைக்கு நீங்க எங்கே போவேள்? வாழையிலையே போடுங்கோ."

ஜோசுவா எங்களையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், நல்ல மனிதர். சரி என்றார்.

அன்றைய பொழுது எப்படிப் போனது என்றே தெரியவில்லை. மேல் தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இருவரும் பதினோரு வருஷப் பேச்சைப் பேசினோம். சுற்றிலும் தண்ணீர் இருந்தது எனக்கு மறந்தே போயிற்று.

"நீர் போன்ல கப்பல் கப்பல்னு கத்தினீரே, அப்போ என் டிக்கெட் மேஜை மேல இருந்தது ஓய்," என்றார். "நீர் சும்மா ரீல் விடறீர்னு நெனச்சேன். நான் போயிட்டு வர வரைக்கும் சுவரை நீர் பாத்துப்பீர்னு தைரியமா கிளம்பிட்டேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்!"

சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கண்ணில் நீர் வந்தது. இரண்டு நாற்காலி தள்ளி தாராவும் சுகாசினியும் ஒரே செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். கப்பலின் வைஃபை தனியாக வாங்கியிருந்தாள் தாரா. பேரனைப் பார்க்காமல் மூன்று நாள் இருக்க முடியாதாம்.

"டொம்... டொம்..." என்று போனிலிருந்து சத்தம் வந்தது.

"என்ன இடிக்கற சத்தம்?" என்றேன்.

"குழந்தை விளையாடறான்," என்றாள் தாரா. போனில் "கொஞ்சம் அகலமா, கொஞ்சம் அகலமா" என்று சொன்னாள். குழந்தை படம் வரைகிறான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜோசுவா தாமே ஒரு தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு பதினேழாம் மேஜைக்கு வந்தார். நடுவில் பழுப்பேறிய, நெய் மினுங்கும், முழங்கை நீள இட்லி. மிளகு வாசனை மூக்கைத் துளைத்தது. ஷாரோன் கத்தியோடு பின்னாலேயே வந்தாள். முதல் துண்டை வெட்டி, யார் தட்டில் வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

பெண்கள் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

சீனிவாசன் அந்தத் துண்டை வாங்கினார். வாங்கி, என் தட்டில் வைத்தார்.

"இது சக்ரவர்த்தியோட பாகம்," என்றார். "பதினோரு வருஷம் லேட்டாயிடுத்து. மன்னிக்கணும்."

கண் கலங்கியது. மிளகு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த மனுஷனை இத்தனை வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. துண்டைப் பிட்டுப் பாதியை அவர் தட்டில் வைத்தேன்.

"கண்ணை மூடிண்டு சாப்பிடும்," என்றேன்.

சாயங்காலம் மேல் தளத்தில் அவரே ஆரம்பித்தார்.

"ஓய், அந்தக் கதவைத் திறந்துடலாமா?"

"நானே சொல்லணும்னு வாயெடுத்தேன்."

"யார் முதல்ல சொன்னதுன்னு..."

"ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னோம்."

"பொம்மனாட்டிகளுக்கு இப்போ மூச்சு விடப்படாது. ஆத்துக்குப் போய்ச் சொல்லுவோம். அசந்து போகட்டும்."

மேஜையில் இருந்த காகிதத் துடைப்பானில் நான் வரைபடம் போட்டேன். அகலம் இரண்டடி ஒன்பது அங்குலம். உயரம் ஆறடி. சீனிவாசன் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். ஏற்பாடும் கச்சிதம். வீட்டுக்குப் போனதும் நான் தாராவோடு என் கொல்லையில் நிற்பேன். அவர் சுகாசினியோடு அவர் கொல்லையில் நிற்பார். நான் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவேன். இருவரும் ஒரே நேரத்தில் மனைவிமாருக்கு அறிவிப்போம்.

திங்கட்கிழமை மத்தியானம் நாலு பேரும் ஒரே காரில் ஊர் திரும்பினோம். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தாரா, கொல்லைக்கு வா. முக்கியமான விஷயம்."

"காப்பி போட்டுட்டு வரேனே."

"காப்பி அப்புறம். வா!"

நூற்று நாற்பத்து மூன்று அடியும் நடந்தோம். சுவரோரம் கொடியில் ஒரு பழைய பெட்ஷீட் தொங்கியது. ஊருக்குப் போகிற அவசரத்தில் எடுக்க மறந்திருப்பாள் என்று பெரிய மனசோடு மன்னித்தேன். பெட்ஷீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று தாராவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினேன்.

"தாரா! பதினோரு வருஷமா உன் முழங்கால் பட்ட கஷ்டத்தை நான் அறியாதவன் இல்லை. இன்னிக்கு நானும் சீனிவாசனும் ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். இதோ, இந்தச் சுவர்..."

சொல்லிக்கொண்டே பெட்ஷீட்டுக்குப் பின்னால் கையை விட்டு மூன்று தட்டுத் தட்டினேன்.

டக், டக், டக்.

முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் நான் எத்தனையோ சுவர்களைத் தட்டியிருக்கிறேன். எதுவும் மரச் சத்தம் போட்டதில்லை.

"சார், சார்! தட்டாதீங்க சார்!" என்று தென்னை மரத்தடியிலிருந்து அப்பாதுரை ஓடி வந்தார். "பெயின்ட் இன்னும் காஞ்சிக்கினு இருக்குது சார்!"

கையைப் பார்த்தேன். விரல் முட்டியெல்லாம் பச்சை. பெட்ஷீட் விலகியது. பச்சைக் கதவு திறந்தது. உறைமோர்க் கிண்ணத்தோடு சுகாசினி நாலே எட்டில் உள்ளே வந்தாள். பின்னால், அந்தப் பக்கத்துப் பெட்ஷீட்டை விலக்கிக்கொண்டு, வாயைத் திறந்தபடி சீனிவாசன். அவர் கையிலும் பச்சை.

"அப்பாதுரை, என்னய்யா இது?"

"அம்மா சொன்னாங்க சார். வெள்ளிக்கெழம இடிச்சோம், சனிக்கெழம கொஞ்சம் அகலம் பண்ணி சட்டம் வெச்சோம், நேத்து பூசி பெயின்ட் அடிச்சோம். அம்மா கப்பல்லேந்து வீடியோல பாத்துக்கினே இருந்தாங்க. துளசிக்கும் தண்ணி ஊத்திட்டேன் சார்."

நான் வழக்கம்போல டேப்பை எடுத்து அளந்தேன். சரியாக மூன்றடி.

"ரெண்டே முக்கால் போதுமே," என்றேன் பலவீனமாக.

"கிரைண்டர் நுழைய வேண்டாமா?" என்றாள் தாரா. "நீங்க ரெண்டு பேரும் ஒரே சமயத்துல ஊர்ல இல்லாம இருந்தா போறும்னுதான் நாங்க நெனச்சோம். பேசிப்பேள்னு எதிர்பார்க்கவே இல்லை. அது எங்களுக்கு உபரி."

சீனிவாசன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சட்டைப் பையில் கையெழுத்துப் போட்ட வரைபடம் உறுத்தியது. ஆனாலும் ஆண்பிள்ளைக்கு ஏதாவது ஒன்று மிஞ்ச வேண்டாமா?

"எது எப்படியோ," என்றேன் தலையை நிமிர்த்தி. "கப்பல்ல போகணும்கறது என் யோசனை. அதை யாரும் மறுக்க முடியாது."

"சந்தேகமென்ன, உங்க யோசனைதான்," என்றாள் தாரா. "அந்த நோட்டீஸை நாலு தடவை பேப்பருக்குள்ள வெச்சேன். மொதல் தடவை நாற்காலிக்கு முட்டுக் குடுத்தேள். ரெண்டாவது தடவை பின்னாடி ஏதோ அளவு எழுதினேள். மூணாவது தடவை மூக்குக் கண்ணாடி துடைச்சேள். நாலாவது தடவைதான் படிச்சேள்."

எனக்கு இருந்தது ஒரே ஆறுதல்தான். பக்கத்து வீட்டிலும் இதே கதைதானே நடந்திருக்கும் என்று சுகாசினியைப் பார்த்தேன்.

"எங்காத்துல அவர் மொதல் தடவையே படிச்சுட்டார்," என்றாள் சுகாசினி. "உங்களுக்காகத்தான் அவரை மூணு வாரம் பிடிச்சு நிறுத்தி வெச்சிருந்தேன்."

சீனிவாசன் மெல்லக் கண்ணை மூடிக்கொண்டார்.